ஜோசலின் பெல் பர்னல்: ஒரு விஞ்ஞானி பெருமைப்பட்ட தருணங்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீரான இடைவெளியில் ரேடியோ துடிப்புகளாகத் தெரியும் பல்சார் என்ற விண்மீன் வகையைக் கண்டுபிடித்தவர், ஆனால் நோபல் பரிசு கிடைக்காமல் போனவர். ஜோசலின் பெல் பர்னல் என்ற பெயரை எடுத்தாலே பேச்சு இந்த இரண்டு வரியில் வந்து நின்றுவிடுகிறது. மாணவர்களுக்கு வானியல் சொல்லிக்கொடுக்கும்போது திரும்பத் திரும்ப எழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். அவருடைய வேலையில் அவருக்கே நிறைவு தந்தவை எவை என்று பார்த்தால், பரிசுப் பட்டியலுக்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை.

யார் இவர்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1943 ஜூலை 15 அன்று வடக்கு அயர்லாந்தில் லர்கன் என்ற ஊரில் பிறந்தவர். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் 1965-இல் இயற்பியல் பட்டம். அதன்பின் கேம்பிரிட்ஜில் ஆண்டனி ஹியூயிஷ் என்பவரின் கீழ் வானொலி வானியலில், அதாவது விண்ணிலிருந்து வரும் ரேடியோ அலைகளை ஆராயும் துறையில், முனைவர் பட்ட ஆய்வு. ஆய்வு மாணவியாக இருந்த 1967-இல், 24 வயதில், முதல் பல்சாரைக் கண்டார்.

சின்ன வயதிலேயே மேதையாக இருந்தாரா?

இல்லை. பதினோரு வயதில் பிரிட்டனில் எல்லாப் பிள்ளைகளும் எழுதிய தேர்வில் அவர் தேறவில்லை. ஊரில் அவர் படித்த பள்ளியில் இன்னொரு சங்கடமும் இருந்தது. பையன்களை அறிவியல் வகுப்புக்கு அனுப்பினார்கள், பெண்பிள்ளைகளைச் சமையலும் தையலும் கற்க அனுப்பினார்கள். பெற்றோர்கள் போய்ச் சண்டை போட்ட பிறகு மூன்று பெண்களை மட்டும் அறிவியல் வகுப்பில் உட்கார விட்டார்கள். பருவ முடிவில் இயற்பியல் தேர்வில் முதல் மதிப்பெண் ஜோசலினுக்கு. கணக்குப் பார்த்தால் அவருடைய முதல் பெருமைத் தருணம் இதுதான் என்று நான் சொல்வேன்.

கிளாஸ்கோவில் நிலைமை இன்னும் மோசம். ஐம்பது பேர் கொண்ட இயற்பியல் ஹானர்ஸ் வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண். அவர் உள்ளே நுழையும்போதெல்லாம் பையன்கள் காலால் தரையைத் தட்டுவார்கள், விசில் அடிப்பார்கள், மேசையில் அடித்துச் சத்தம் எழுப்புவார்கள். முகம் சிவக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டேன் என்று பிற்காலப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

கேம்பிரிட்ஜில் அவருக்கு என்ன வேலை கொடுத்தார்கள்?

முதல் இரண்டு வருடம் சுத்தியல் பிடிக்கும் வேலை. மிகையாகச் சொல்லவில்லை. ஹியூயிஷ் திட்டமிட்ட ரேடியோ தொலைநோக்கி நம் மனதில் வரும் பெரிய வட்டக் கிண்ணம் போன்றது அல்ல. நாலரை ஏக்கர் நிலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரக்கம்பங்களை நட்டு, அவற்றுக்கு இடையே கம்பிகளைக் கட்டி, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டெனாக்களைத் தொங்கவிட்டார்கள். மொத்தக் கம்பியும் கேபிளும் சேர்த்தால் ஏறக்குறைய 190 கிலோமீட்டர். ஆய்வு மாணவர்களும் விடுமுறைக்கு வந்த மாணவர்களும் சேர்ந்து கட்டியது இது. அடியில் புல் வளர்ந்தால் வெட்டுவதற்கு இயந்திரத்தை உள்ளே கொண்டுபோக முடியாது என்று செம்மறி ஆடுகளை மேய விட்டார்கள்.

எதற்காக இத்தனை பாடு? குவேசார்களைத் தேடுவதற்காக. வெகு தொலைவில், வெறும் புள்ளியாகத் தெரியும் மிகப் பிரகாசமான விண்மீன் மண்டல நடுப்பகுதிகள் இவை. சூரியனிலிருந்து கிளம்பும் துகள்காற்று, மிகச் சிறியதாகத் தெரியும் ரேடியோ மூலங்களைச் சிமிட்ட வைக்கும். பெரிய மூலங்கள் சிமிட்டுவதில்லை. ஆகவே சிமிட்டுவதைப் பிடித்தால் குவேசாரைப் பிடித்துவிடலாம். 1967 ஜூலையில் கருவி ஓடத் தொடங்கியது. அதை இயக்குவதும் பதிவுகளை அலசுவதும் ஜோசலின் ஒருவரின் பொறுப்பு.

கம்ப்யூட்டர் இல்லாமலா அலசினார்?

கண்ணால்தான். சுருள் காகிதத்தின் மேல் மைப்பேனாக்கள் கோடு போட்டுக்கொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு 96 அடி காகிதம். வானத்தை ஒருமுறை முழுதாகப் பார்த்து முடிக்க நான்கு நாள், அதாவது ஏறத்தாழ 400 அடி. அத்தனையையும் விரித்துப் பார்த்து, இது குவேசார், இது பக்கத்துச் சாலையில் போகும் வண்டியின் குறுக்கீடு என்று பிரிக்க வேண்டும்.

கொஞ்ச நாளில் கண் பழகிவிட்டது. அப்போதுதான் ஒரு சின்னக் கிறுக்கல் தட்டுப்பட்டது. 400 அடியில் அது பிடித்த இடம் ஒரு அங்குலம்கூட இல்லை. குவேசார் சிமிட்டல் போலவும் இல்லை, குறுக்கீடு போலவும் இல்லை. இந்தக் கிறுக்கலை முன்பே பார்த்திருக்கிறோமே என்று தோன்றி, பழைய சுருள்களை எடுத்துப் புரட்டினார். வானத்தின் அதே இடத்திலிருந்து முன்பும் வந்திருந்தது. அந்தப் பதிவு தொடங்குவது ஆகஸ்ட் 6-ஆம் தேதி. இன்னொரு விநோதம், அது இரவில் வந்தது. சூரியனுக்கு எதிர்த்திசையில் பார்க்கும்போது சிமிட்டல் அடங்கிப் போயிருக்க வேண்டும். இதுவோ அடங்கவில்லை.

இந்தக் கதையில் எனக்கு ஆகப் பிடித்த இடம் இதுதான். கருவியில் வந்துபோகும் நூறு கோளாறுகளில் ஒன்று என்று தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் கிளறினார். ஏன் என்பதற்கு அவரே சொல்லும் காரணம் சுவாரசியமானது. கேம்பிரிட்ஜில் எல்லோரும் தன்னைவிடப் புத்திசாலிகள், தன்னைத் தவறிச் சேர்த்துவிட்டார்கள், என்றைக்காவது வெளியே அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு இருந்தது. அப்படி அனுப்பும் நாளில் மனசாட்சி உறுத்தக் கூடாது என்பதற்காக ஒன்றையும் விடாமல் வேலை செய்தாராம்.

முதல் பல்சாரைக் கண்ட நாள்தானே அவருடைய பெருமையான நாள்?

எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். அன்று நடந்ததைக் கேளுங்கள்.

கிறுக்கலின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய, காகிதம் வேகமாக ஓட வேண்டும். வேகமாக ஓட விட்டால் சுருள் தீர்ந்துவிடும். ஆகவே அந்த இடம் தலைக்கு மேல் கடக்கும் நேரத்துக்குத் தினமும் தொலைநோக்கி இருக்கும் இடத்துக்குப் போய், வேகப் பதிவை இயக்கி, முடிந்ததும் நிறுத்திவிட்டு வர வேண்டும். நவம்பரில் வாரக்கணக்கில் போனார். ஒன்றும் வரவில்லை. ஒருநாள் ஒரு சொற்பொழிவு கேட்கப் போகலாம் என்று இந்த வேலையை விட்டார். மறுநாள் வந்து பார்த்தால் வழக்கமான பதிவில் கிறுக்கல் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது!

1967 நவம்பர் 28 அன்று மாட்டியது. பேனா ஒரே சீராகத் துள்ளியது, துடிப்புக்குத் துடிப்பு 1.33 விநாடி இடைவெளி. ஹியூயிஷுக்குப் போன் செய்தார். மாணவர்களின் ஆய்வகத்தில் இருந்த அவர், அப்படியானால் இது மனிதர்கள் செய்ததுதான், முடிந்தது விஷயம் என்று சொல்லிவிட்டார். அதிலும் நியாயம் இருந்தது. அவ்வளவு ஒழுங்காகத் துடிக்கும் விண்மீனை அதுவரை யாரும் கண்டதில்லை. மறுநாள் நேரில் வந்து நின்று, பேனா மறுபடி துள்ளுவதைப் பார்த்த பிறகுதான் அவருக்கும் யோசனை வந்தது.

ஆக அந்த நாள் பெருமையில் அல்ல, குழப்பத்தில் முடிந்தது. ஒயர் தப்பாக மாட்டியிருப்போமோ என்ற கவலைதான் ஜோசலினுக்கு.

வேற்றுக்கிரகவாசிகள் என்று நினைத்தார்களாமே, உண்மையா?

பாதி விளையாட்டு, பாதி கவலை. அந்த மூலத்துக்குப் “பச்சைக் குட்டி மனிதர்கள்–1” என்று தங்களுக்குள் பெயர் வைத்துக்கொண்டார்கள். ஆனால் கையில் இருந்த தடயங்களை ஒவ்வொன்றாக அலசியும் வந்தார்கள்.

முதல் தடயம், சிக்னல் ஒவ்வொரு நாளும் 4 நிமிடம் முன்னதாக வந்தது. விண்மீன்கள் அப்படித்தான் கடக்கும். ஊர்க் கடிகாரத்துக்கு வேலை செய்யும் எந்த மனிதனும் அப்படி நேரம் வைக்க மாட்டான், இன்னொரு வானியலாளனைத் தவிர. அடுத்து, கருவிக் கோளாறா என்று பார்க்க, குழுவில் இருந்த பால் ஸ்காட், ராபின் காலின்ஸ் இருவரும் வேறொரு தொலைநோக்கியைத் திருப்பினார்கள். எல்லோரும் கூடி நின்றார்கள். குறித்த நேரம் வந்தது, பேனா அசையவில்லை. சரி, அவ்வளவுதான் என்று ஹியூயிஷும் மற்றவர்களும் தாழ்வாரத்தில் பேசிக்கொண்டே நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். சில நிமிடம் கழித்துப் பின்னாலிருந்து காலின்ஸின் குரல்: வந்துவிட்டது! அந்தத் தொலைநோக்கியின் பார்வைக்கு எப்போது வரும் என்று போட்ட கணக்கில் சில நிமிடம் பிசகியிருந்தது, அவ்வளவே. கணக்கு இன்னும் கொஞ்சம் பிசகியிருந்தால் எல்லோரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

குழுவின் இன்னொருவர், ஜான் பில்கிங்டன், தூரத்தை அளந்தார். சூரிய மண்டலத்துக்கு வெகு அப்பால், ஆனால் நம் பால்வீதிக்குள்ளேயே. பச்சை மனிதர்கள் ஒரு கோளில் இருந்து அனுப்பினால், அந்தக் கோள் தன் சூரியனைச் சுற்றும்போது துடிப்பு இடைவெளி கூடிக் குறைய வேண்டும். ஹியூயிஷ் தேடினார். தெரிந்ததெல்லாம் நம் பூமி சூரியனைச் சுற்றும் அசைவு மட்டுமே.

அப்படியானால் அவர் மனம் குளிர்ந்த தருணம் எது?

1967 டிசம்பர் 21-ஆம் தேதி இரவு. கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகும் முன் ஹியூயிஷின் அறைக்கு எதற்கோ போனவர், இந்த முடிவை வெளியே எப்படிச் சொல்வது என்று பெரியவர்கள் கூடிப் பேசுவதைக் கண்டார். விடை கிடைக்காமலே பேச்சு முடிந்தது. ஜோசலினுக்கு எரிச்சல். நான் பட்டம் வாங்கப் பாடுபட்டுக்கொண்டிருக்கிறேன், இந்தப் பச்சை மனிதர்களுக்கு என் ஆண்டெனாவும் என் அலைவரிசையும்தானா கிடைத்தது என்று நினைத்துக்கொண்டாராம்.

இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, தேங்கிக் கிடக்கும் சுருள்களைக் கொஞ்சம் பார்க்கலாம் என்று ஆய்வகத்துக்குத் திரும்பினார். வானத்தின் முற்றிலும் வேறொரு பகுதி. காசியோப்பியா ஏ என்ற பலமான மூலத்தின் இரைச்சலுக்கு நடுவே இன்னொரு கிறுக்கல். பழைய சுருள்களை இழுத்துப் பார்த்தார். அங்கும் சில நாட்களில் இருந்தது. ஆய்வகத்தைப் பூட்டும் நேரம் ஆகிவிட்டது. அந்த இடம் தலைக்கு மேல் வருவது விடியற்காலையில்.

சில மணி நேரம் கழித்துத் தொலைநோக்கிக்குப் போனார். கடும் குளிர். குளிர் ஏறினால் அந்தக் கருவிக்கு உயிர் போய்விடும், சிக்னல் வாங்கும் திறன் சரிந்துவிடும். ஸ்விட்சுகளைத் தட்டினார், வாயால் ஊதிச் சூடேற்றினார், திட்டியும் பார்த்தார். ஐந்து நிமிடம் மட்டும் வேலை செய்தது. தேவையான அதே ஐந்து நிமிடம். பேனா துள்ளியது, இந்த முறை 1.2 விநாடி இடைவெளியில்.

ஒன்று என்றால் கோளாறாக இருக்கலாம், பச்சை மனிதர்களாகவும் இருக்கலாம். வானத்தின் இரண்டு மூலைகளிலிருந்து இரண்டு கூட்டம் ஒரே சமயத்தில், ஒரே அலைவரிசையில், இந்த ஒரு பூமியைக் கூப்பிடுமா? இது புதுவகை விண்மீன் என்பது அந்த ஐந்து நிமிடத்தில் உறுதியானது. அறையில் வேறு யாரும் இல்லை. பதிவைச் சுருட்டி ஹியூயிஷின் மேசையில் வைத்துவிட்டு, நிம்மதியாக விடுமுறைக்குக் கிளம்பினார். பின்னாளில் எத்தனையோ மேடைகளில் இந்தக் கதையைச் சொன்னபோதெல்லாம், தனக்கு இனித்த தருணம் என்று அவர் காட்டியது இந்த இரண்டாவது பல்சாரைத்தான்.

விடுமுறையில் ஹியூயிஷ் அவருக்காகப் பேனாவில் மை ஊற்றி, காகிதம் மாற்றி, சுருள்களை அவர் மேசையில் அடுக்கி வைத்தார். திரும்பி வந்து பிரித்தால் ஒரே துண்டுக் காகிதத்தில் மூன்றாவதும் நான்காவதும்.

பல்சார் என்பது உண்மையில் என்ன? சந்திரசேகருக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பெரிய விண்மீன் வெடித்துச் சிதறும்போது அதன் நடுக்கரு நசுங்கி மிஞ்சுவது நியூட்ரான் விண்மீன். சூரியனைவிட அதிக நிறை, ஆனால் குறுக்களவு சுமார் 20 கிலோமீட்டர்தான். அது வேகமாகச் சுழலும்போது காந்த முனைகளிலிருந்து கிளம்பும் ரேடியோ கற்றை, மெரினா கலங்கரை விளக்கத்தின் ஒளிபோல நம்மைக் கடந்து போகிறது. ஒவ்வொரு கடப்பும் ஒரு துடிப்பு.

சந்திரசேகர் தொடர்பு உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது தொடங்கிய கணக்குதான், எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குறு விண்மீன்கள் சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் நிறை தாங்காது என்று காட்டியது. அதைத் தாண்டினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு ஒரு விடை நியூட்ரான் விண்மீன். 1934-இல் வானியலாளர்கள் பாடே, ஸ்விக்கி இருவரும் அப்படியொன்று இருக்கலாம் என்று ஊகித்தார்கள். கண்ணால் கண்ட சாட்சி ஜோசலினின் காகிதச் சுருளில் வந்தது.

செய்தி வெளியானபோது அவரைக் கொண்டாடினார்களா?

1968 பிப்ரவரி 24 நேச்சர் இதழில் கட்டுரை வந்தது. ஐந்து ஆசிரியர்கள், ஹியூயிஷ் முதலில், ஜோசலின் இரண்டாவது. பத்திரிகைக்காரர்கள் படையெடுத்தார்கள். ஹியூயிஷிடம் வானியல் பற்றிக் கேட்டார்கள். ஜோசலினிடம் இளவரசி மார்கரெட்டைவிட உயரமா, எத்தனை ஆண் நண்பர்கள் என்று கேட்டார்கள். புகைப்படத்துக்காக மேட்டில் உட்கார், நில், கையை வீசி ஓடு என்றார்கள். நிச்சயதார்த்த மோதிரம் வேறு கையில் இருந்தது. அந்தக் காலத்தில் அதற்கு, இந்தப் பெண் சீக்கிரம் வேலையை விட்டுப் போகப் போகிறாள் என்றுதான் பொருள்.

முனைவர் பட்ட ஆய்வேட்டில் பல்சார் எங்கே இருக்கிறது தெரியுமா? பின்னிணைப்பில். தலைப்பு குவேசார் சிமிட்டல் பற்றியதாயிற்றே!

நோபல் ஏன் கிடைக்கவில்லை? அவருக்குக் கோபம் இல்லையா?

1974-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் ஹியூயிஷுக்கும் கேம்பிரிட்ஜ் வானொலி வானியல் குழுவின் தலைவர் மார்ட்டின் ரைலுக்கும் போனது. வானியலுக்கு இயற்பியல் நோபல் கிடைத்ததே அதுதான் முதல்முறை என்பதால் தனக்கு மகிழ்ச்சி என்றார் ஜோசலின். பிரெட் ஹாயில் போன்ற பெரிய வானியலாளர் பகிரங்கமாகக் கண்டித்தார். ஆனால் ஆய்வு மாணவர்களுக்கு நோபல் கொடுப்பது, மிக அபூர்வமான நேர்வுகள் தவிர, பரிசின் தகுதியைக் குறைக்கும் என்றும், தன்னுடையது அப்படி அபூர்வமானது அல்ல என்றும் 1977-இல் அச்சில் வந்த ஒரு விருந்துரையில் அவரே சொன்னார்.

இந்த ஒரு விஷயத்தில் அவரோடு எனக்கு உடன்பாடு இல்லை. கருவியை யோசித்தது ஹியூயிஷ், சரி. கிறுக்கலை விடாமல் துரத்தியது யார்? 1993-இல், இன்னொரு விண்மீனோடு ஜோடியாகச் சுற்றும் பல்சாரைக் கண்டதற்கு நோபல் கொடுத்தபோது பேராசிரியர் ஜோசப் டெய்லரோடு அவர் மாணவர் ரஸ்ஸல் ஹல்ஸும் மேடையேறினார். அந்த விழாவுக்கு டெய்லர் தன் விருந்தினராக ஜோசலினை அழைத்துப் போனார். நோபல் கிடைத்தவருக்கு அதற்குப் பிறகு யாரும் எதுவும் தருவதில்லை, கிடைக்காததால் எனக்கு வருடாவருடம் ஏதோ ஒன்று தந்து விருந்து வைக்கிறார்கள் என்று சிரிப்பது அவர் வழக்கம்.

அதற்குப் பிறகு வானியலைத் தொடர்ந்தாரா?

தொடர்ந்தார், ஆனால் நேர்கோட்டில் அல்ல. கணவரின் வேலை எங்கே மாறினாலும் அங்கே குடிபெயர வேண்டியிருந்தது, குழந்தையையும் பார்க்க வேண்டும். அதனால் பல ஆண்டுகள் பகுதிநேர வேலை. சவுத்தாம்ப்டனில் காமா கதிர், முல்லார்ட் விண்வெளி ஆய்வகத்தில் எக்ஸ் கதிர், எடின்பரோவில் அகச்சிவப்பு என்று போன இடத்தில் என்ன இருந்ததோ அதைக் கற்றார். ஏரியல்-5 என்ற எக்ஸ் கதிர் செயற்கைக்கோள் வேலையில் இருந்தார். அது ஏவப்பட்ட அதே 1974 அக்டோபரில்தான் நோபல் அறிவிப்பும் வந்தது.

1991-இல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் ஆனார். அந்த ஒரு நியமனத்தால் பிரிட்டனில் இயற்பியல் பெண் பேராசிரியர்களின் எண்ணிக்கை இரட்டிப்பானது என்று சொல்வார்கள். ஒன்று இரண்டானது, அவ்வளவுதான். பின்னர் ராயல் வானியல் கழகத் தலைவர், இயற்பியல் நிறுவனத்தின் முதல் பெண் தலைவர், எடின்பரோ ராயல் கழகத்தின் முதல் பெண் தலைவர். 2021-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம். 1976-இல் டோரதி ஹாட்ஜ்கின் பெற்றதற்குப் பிறகு அதை வாங்கிய இரண்டாவது பெண் இவர்.

பெரிய பரிசுத் தொகையை அப்படியே கொடுத்துவிட்டாராமே?

ஆமாம். 2018-இல் சிறப்பு பிரேக்த்ரூ பரிசு, 30 லட்சம் டாலர். ஒரு காசு எடுக்காமல் இயற்பியல் நிறுவனத்திடம் கொடுத்தார். இயற்பியல் ஆய்வுக்கு அவ்வளவாக வராத பிரிவினர், பெண்கள், சிறுபான்மையினர், அகதிகள் போன்றவர்கள் முனைவர் பட்டம் படிக்க அது உதவித்தொகையாகப் போகிறது. காரணம் கேட்டால் கேம்பிரிட்ஜ் பயத்தையே காரணமாகச் சொல்கிறார். வெளியாளாக உணர்ந்ததால்தான் எதையும் விடாமல் பார்த்தேன், அப்படிப்பட்டவர்கள் வந்தால் இன்னும் பலவற்றைக் காண்பார்கள் என்பது அவர் வாதம்.

தமிழ்நாட்டில் இதுபோன்ற தொலைநோக்கி இருக்கிறதா?

ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் இருக்கிறது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனம் கட்டியது, 1970-இல் தயாரானது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். மலைச்சரிவின் சாய்வையே பயன்படுத்திப் பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்திருக்கிறார்கள், அதனால் ஒரே அச்சில் திருப்பி ஒரு மூலத்தை மணிக்கணக்கில் பின்தொடரலாம். ஜோசலின் தேடப் போன அதே சூரியக் காற்றுச் சிமிட்டலை அங்கே பல ஆண்டுகளாக அளக்கிறார்கள், பல்சார்களையும் பார்க்கிறார்கள்.

இப்போது எத்தனை பல்சார்கள் தெரியும்? இன்னும் அவற்றால் பயன் உண்டா?

மூவாயிரத்துக்கும் மேல். அவற்றில் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை சுழல்பவை கடிகாரம்போலத் தவறாதவை என்பதால், அவற்றின் துடிப்பு எப்போது வருகிறது என்று ஆண்டுக்கணக்கில் குறித்துவைத்தால், பிரபஞ்சத்தைக் கடந்துபோகும் மெதுவான ஈர்ப்பு அலைகளின், அதாவது வெளியையே நெளிய வைக்கும் அலைகளின், தடம் தெரிய வேண்டும். 2023 ஜூனில் உலகின் பல குழுக்கள் அப்படியொரு தடத்துக்கான ஆதாரத்தை ஒரே சமயத்தில் வெளியிட்டன. ஐரோப்பியக் குழுவோடு சேர்ந்து அதை வெளியிட்ட இந்தியக் குழு, புனேக்குப் பக்கத்தில் கோடாத் கிராமத்தைச் சுற்றியுள்ள 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ண ஆண்டெனாக்களின் பதிவுகளைப் பயன்படுத்தியது.